இடது பெருவிரல்

மூங்கில் சீவுகிறவனைத் தூரத்திலிருந்து பார்த்தால் கத்திதான் வேலை செய்வதுபோலத் தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் கத்தி அசைவதே இல்லை. இடது கை அதை முழங்காலோடு சேர்த்து நிறுத்திப் பிடித்திருக்கும். பிளாச்சை, அதாவது பிளந்த மூங்கில் பட்டையை, கத்தியின் வாயில் வைத்து, இடது பெருவிரலால் மேலேயிருந்து அமுக்கிக்கொண்டு, வலது கையால் இழுக்க வேண்டும். அமுக்கம் கூடினால் பிளாச்சு நடுவில் அறுந்துபோகும். குறைந்தால் சீவல் எழும்பாது. கூடையின் அடிக்குத் தடிப்பாக, இடுப்புக்கு மெலிசாக, வாய்க்கட்டுக்கு நாடாபோல என்று மூன்று கனத்தையும் தீர்மானிப்பது அந்த ஒரு விரல்தான். ஒரு கூடைக்கு அறுபது பிளாச்சு, ஒவ்வொன்றும் மூன்று இழுப்பு. ஒரு நாளைக்கு நாலு கூடை முடைகிறவனின் பெருவிரல்மேல் எவ்வளவு மூங்கில் ஓடும் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

பிச்சையாவுக்கு அது பதினைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

கரமனை ஆற்றங்கரையில், அக்கிரகாரத் தெருக்கள் முடிந்து தென்னந்தோப்பு தொடங்கும் இடத்தில், பன்னிரண்டு அறைகள் ஒரே கூரையின்கீழ் நீளமாகக் கிடந்தன. லயம் என்பார்கள். ஆரியசாலை வியாபாரிகள் சேர்ந்து நடத்திய பரோபகார சங்கம் கட்டிக்கொடுத்தது. கல்லாற்றுப் பக்கத்துக் காட்டிலிருந்து மாட்டு வண்டியில் மூங்கில் வரும். மூன்று நாள் ஆற்றில் ஊறப்போட்டு எடுத்துப் பிளப்பார்கள். முடைந்த கூடைகள் ஆரியசாலைக்குப் போய் மிளகாய் வற்றலும் சுக்கும் சுமக்கும். பதிலுக்குச் சங்கம் அரிசியும் துணியும், ஓணத்துக்கு வெல்லமும் கொடுக்கும்.

அங்கே இருந்த பன்னிரண்டு குடும்பமும் பாண்டிச் சீமையிலிருந்து வந்த உப்புக்குறவர்கள். பிச்சையாவின் தாத்தா கழுதைமேல் உப்பு ஏற்றி மலையைத் தாண்டிக் கொண்டுவந்து விற்று, புளியும் மிளகும் வாங்கித் திரும்பியவர். ரயில் வந்தது. உப்பு ரயிலில் ஏறிப் போயிற்று. கழுதையும் வியாபாரமும் போனபின், ஊர் ஊராக அலைகிறவர்கள் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. அலைகிறவன் களவாடுவான் என்று யாரோ ஒரு துரை எழுதினார். அது சட்டமாயிற்று. அந்தச் சாதியில் பிறந்தவன் இடது பெருவிரலை மசியில் தோய்த்துப் புத்தகத்தில் வைக்க வேண்டும். ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். ஊரைவிட்டுப் போவதானால் சீட்டு வாங்க வேண்டும். ஜனங்கள் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். மலை தாண்டிப் பிழைக்க வந்தவர்களுக்குப் பின்னாலேயே அந்தப் பட்டியலின் நகலும் வந்து சேர்ந்தது.

சங்கம் இங்கே ஒரு நல்ல காரியம் செய்தது. இவர்களுக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஸ்டேஷன் படுக்கையை நிறுத்தியது. காலையும் மாலையும் ஆறு மணிக்கு லயத்து முற்றத்தில் மணி அடிக்கும். பெரியவர்கள் எல்லாரும் வந்து நிற்க வேண்டும், சங்கத்துக் கிளார்க் ஆஜர் போடுவார், சனிக்கிழமைதோறும் அந்தப் புத்தகம் ஸ்டேஷனுக்குப் போகும். அடி கிடையாது, வசவு கிடையாது. குறவர் என்றால் கூடை முடைவார்கள் என்று நினைத்துச் சங்கத்தார் முதல் நாளே மூங்கிலும் கத்தியும் கொடுத்தார்கள். பிச்சையா அதற்கு முன் ஒரு சுளவுகூட முடைந்தவன் இல்லை. இருபத்தாறு வயதில், ஒன்றுமறியாதவனாகக் கத்தியைக் கையில் வாங்கிக் கற்றுக்கொண்டான்.

மகள் முத்தாரம்மாளை மட்டும் அவன் கத்தியைத் தொட விட்டதில்லை. அவள் பள்ளிக்கூடம் போய் மலையாளம் படித்தாள். மத்தியானம் சங்கத்தில் தையல் பழகினாள். லயத்திலேயே பிறந்த முதல் பிள்ளை அவள். மற்றப் பிள்ளைகளுக்கு வயது என்பது வெள்ளம் வந்த வருஷம், வண்டி குடை சாய்ந்த வருஷம் என்று ஒரு உத்தேசம். முத்துவுக்கு மட்டும் சரியான தேதி இருந்தது. பிறந்த சந்தோஷத்தில் அப்போதைய கிளார்க் சங்கத்துப் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டார். மலையாளக் கணக்கில் தனு மாதம் பத்தாம் தேதி அவளுக்குப் பதினாலு வயது நிறையும். பதினாலு திகைந்தால் ரேகை வைக்க வேண்டும்.

அதற்கு முன் அப்பன் பெயரைப் புத்தகத்திலிருந்து வெட்டிவிட்டால் பிள்ளையின் பெயர் ஏறாது. அப்படி ஒரு விதி இருந்தது. அந்த விதியைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னவர் கிளார்க் நீலகண்டன்.

ஐப்பசி மழை. மத்தியானம் வரை வெயில் காய்ந்து, மூன்று மணிக்கு மேற்கே இடி முழங்கிக் கொட்டும். நீலகண்டன் குடையோடு வந்து, கூரைத் தண்ணீர் விழும் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே பிச்சையாவின் பெண்டாட்டி உலகம்மை மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து வடித்துக்கொண்டிருந்தாள்.

"உலகம்மை, எங்கேடி உன் ஆம்படையான்? பேப்பர் வந்துடுத்து."

"மூங்கிலு வலிக்க ஆத்துக்குப் போயிருக்காரு சாமி. இப்ப வந்திருவாரு. மழையில நிக்காண்டாம், உள்ள ஏறி நில்லுங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும். இங்கேயே நிக்கறேன்."

பிச்சையா தோளில் ஈர மூங்கிலோடு வந்தான். நீலகண்டன் பேப்பரை மழை படாமல் குடைக்குள் பிடித்துக்கொண்டு வாசித்தார். "மேற்படி பிச்சையா ஆகிய நான், இதுநாள் வரை செய்துவந்த களவுத் தொழிலை அறவே விட்டு, சங்கத்தாரின் கருணையால் திருந்தி, யோக்கியமாய் ஜீவித்து வருவதாக இதனால் ஒப்புக்கொள்கிறேன். புரிஞ்சுதா? விருச்சிகம் ரெண்டாம் தேதி ஆண்டு விழா. இன்ஸ்பெக்டர் வரார். அவர் முன்னாடி இதுல ரேகை வைக்கணும். சங்கம் ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷத்துல முதல் பேர் நீதாண்டா வெட்டிண்டு போகப்போறே."

"சாமி, அதுல செய்துவந்தன்னு ஒரு எடம் வருதே. நான் என்ன செய்து வந்தேன்?"

"எல்லாருக்கும் ஒரே ஃபாரம்டா. அச்சடிச்சு வந்தது."

"அச்சடிச்சவனுக்கு என்னையத் தெரியுமா?"

"இங்க பாரு, நான் கவர்ன்மென்டும் இல்லே, அச்சாபீசும் இல்லே. பாதி ராத்திரி உக்காந்து அந்த ரூலைக் கண்டுபிடிச்சது நான். வேண்டாம்னா சொல்லு, திருப்பி அனுப்பிடறேன்."

"ஐயோ சாமி, அவருக்கு மண்டையில மூங்கிலு இடிச்சிருக்கு. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் உலகம்மை. நீலகண்டன் கையை நீட்டி, பேப்பரைக் கூரைக்குக் கீழே கவிழ்த்திருந்த ஒரு கூடையின்மேல் வைத்தார். உலகம்மை அதை இரண்டு கையாலும் எடுத்து முத்துவின் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

கிழங்கையும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியையும் அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"தின்னும். கிழங்கு உம்மள ஒண்ணும் எழுதச் சொல்லல்ல."

"கள்ளன்னு நானே எழுதிக் குடுக்கணுமாம்ளா."

"ஊரே பதினஞ்சு வருசமா சொல்லுது. நீரு ஒருக்க சொன்னா வாய் வெந்துபோகுமா? நானும் கள்ளன் பெண்டாட்டின்னு பேரு வாங்கியாச்சு. ஒரு நாளாவது ஒரு தேங்கா களவாண்டு கொண்டாந்து தந்திருக்கீரா? சாளைக் கறிக்கு அரைக்க இல்லாம எத்தனை நாளு இருந்திருக்கேன்."

முத்து சிரித்துவிட்டாள். பிச்சையாவுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டான்.

"வெளையாடாதே. திருந்திட்டேன்னு எழுதுனா, அதுக்கு முன்னால என்னவோ செஞ்சிருக்கேன்னு ஆவும்லா? அன்னைக்கு ஆரியசாலையில மொளவுச் சாக்கு காணாமப் போச்சே, எவன் எடுத்தான்னே தெரியல்ல. நாளைக்கு இந்தப் பேப்பரைக் காட்டி, நீதானே ஒத்துக்கிட்டேன்னு கேட்டா?"

"கேட்டா அப்ப பாப்போம். தனு பத்துக்கு இவ கையில மசி பூசுவான். அதைப் பாப்பீரா?"

"அப்பா" என்றாள் முத்து. "எனக்குப் பேடியும் இல்ல, பயமும் இல்ல, கேட்டியா. மசி கழுவினாப் போயிரும்."

"மசி போவும் மக்ளே" என்றான் பிச்சையா. கிழங்கில் ஒரு துண்டை எடுத்துச் சம்மந்தியில் தோய்த்தான். உலகம்மை அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

ஆண்டு விழா ஆரியசாலையில், ஒரு பண்டகசாலையின் மாடியில் நடந்தது. கீழேயிருந்து பெருங்காயமும் வற்றலும் ஏறி வந்து எல்லாரையும் தும்ம வைத்தன. இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னாலும் வியாபாரிகள் பெஞ்சிலும் இருந்தார்கள். லயத்து ஆண்கள் கீழே பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் மாடிப்படி முடியும் இடத்தில் நின்றார்கள். சங்கத்துக் காரியதரிசி ஆறுமுகநயினார் பிள்ளை வெள்ளை அங்கவஸ்திரத்தோடு எழுந்து பேசினார். நல்ல மனிதர். லயத்தில் பேதி கண்ட வருஷம் சொந்த வண்டியில் வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்தவர். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பேசும்போது அவருக்குக் கண் நிறைந்தது.

"மனுசன் பிறக்கும்போது கள்ளனாப் பிறக்கல்ல. ஒரு தொழிலைக் குடுத்தா எவனும் நேராயிருவான். அதுக்கு நம்ம பிச்சையா சாட்சி. எழும்பி வா, பிச்சையா."

பேப்பரை நீலகண்டன் உரக்க வாசித்தார். களவுத் தொழிலை அறவே விட்டு என்ற இடத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பிச்சையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரேகை எடுப்பது ஒரு சின்ன வித்தை. தகரத் தட்டில் மசியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிசாகத் தேய்க்க வேண்டும். மசி கனத்தால் வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் மூடிப்போகும். விரலை அமுக்கக் கூடாது. நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்ட வேண்டும். ஹெட் கான்ஸ்டபிள் வேலாயுதன் இதில் கெட்டிக்காரர். பிச்சையாவின் விரலைத் தானே பிடித்து அந்தப் பேப்பரில் உருட்டினார். பழைய புத்தகத்தைத் திறந்து, பதினைந்து வருஷத்துக்கு முந்திய ரேகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியைக் குனிந்து பிடித்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"எடா, இது என்னதுடா? விரலோ சோப்புக் கட்டியோ?"

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேலாயுதன் மண்ணெண்ணெய்த் துணியால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். மூன்றாவது தடவையும் எடுத்தார். மூன்றும் ஒரே மாதிரி விழுந்தன. நடுவில் வரி ஒன்றுமில்லாமல், மாங்கொட்டைபோல ஒரு கறுப்பு. பழைய புத்தகத்தில் சுழி தெளிவாக இருந்தது. ஆற்றுச் சுழலைப் போல உள்ளே உள்ளே போய் ஒரு புள்ளியில் நின்றது.

"சாரே, ஒக்கல்ல. இது வேற, அது வேற" என்றார் வேலாயுதன்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பிறகு பிச்சையாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "என்ன பணியாணு இவனுக்கு?"

"மூங்கில் வேலை" என்றார் பிள்ளை பெருமையாக. "எங்க சங்கத்துல பழக்கினது."

"அதாணு காரியம். ஓடி ஓடித் தேஞ்சு போயி." இன்ஸ்பெக்டர் கெட்டவரில்லை. புத்தகத்தை மூடாமல் யோசித்தார். "பேரு வெட்டணுமெங்கில் இவன்தான் அந்தப் பிச்சையான்னு ரேகை சொல்லணும். அதாணு சட்டம்."

பிச்சையா வாய் திறந்தான். "எசமான், காலையும் சாயங்காலமும் ஆஜரு போடுதாவ. அதுக்கு ரேகை பாக்கலியே."

"அதுக்கு ஆள் மதி, முகம் கண்டால் போதும். வெட்டணுமெங்கில் ரேகை வேணும்."

"நாளைக்கு நான் ஆஜருக்கு வரல்லன்னா பிடிக்க வருவியளே. அப்ப எந்தப் பிச்சையாவைப் பிடிப்பிய?"

யாரும் சிரிக்கவில்லை. நீலகண்டன் மெதுவாக, "டேய், சும்மா இரு" என்றார்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையின் பக்கம் திரும்பினார். "ஒரு வழி உண்டு, மிஸ்டர் பிள்ளை. ரேகை தெளியல்லெங்கில் ஒரு மரியாதைப்பட்ட ஆள் எழுதித் தரலாம். இவன்தான் அந்த ஆள், எனக்கு நேரில் தெரியும், பின்னால் தப்பாயிருந்தால் உத்தரவாதம் நான் என்று. ஒரு நாலு வரி. நிங்ஙள் எழுதித் தந்தால் இப்பத்தன்னே இங்கேயே வெட்டித் தராம்."

மாடிப்படி ஓரத்தில் உலகம்மை முத்துவின் தோளைப் பிடித்தாள்.

"அதுக்கென்ன" என்று பிள்ளை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். நீலகண்டன் ஒரு வெள்ளைத்தாளை அவர்முன் வைத்தார். பிள்ளை தாளைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த மற்ற வியாபாரிகளைப் பார்த்தார். ஒருவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சங்கத்துப் பேர்ல எழுதட்டுமா? காரியதரிசின்னு கையெழுத்துப் போட்டு?"

"சங்கத்துக்குக் கையும் காலும் இல்லல்லோ. நாளைக்கு ஒரு குழப்பம் வந்தால் நான் சங்கத்தெயா அறஸ்டு செய்ய? ஒரு மனுஷன்டெ சொந்தப் பேரு வேணும்."

"இல்ல... தெரியாதுன்னு இல்ல. பதினஞ்சு வருசமாத் தெரியும். ஆனா, நான் தனியா ஒருத்தனுக்கு எழுதினா மத்தப் பதினொரு பேரும் கேப்பான். கமிட்டி என்ன நெனைக்கும்? எனக்கும் நாலு கடை, பத்துப் பேரு இருக்கு பாத்துக்கிடுங்க." பேனாவின் மூடியைத் திருகி மூடினார். "அடுத்த கமிட்டியில வச்சுத் தீர்மானம் போட்டுருவோம்."

"அடுத்த கமிட்டி எப்போ?"

"மகரத்துல" என்றார் நீலகண்டன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மகரம் தனுவுக்கு அடுத்த மாதம்.

பிச்சையா மேஜையருகே நகர்ந்தான். "அப்ப அந்தப் பேப்பரைத் திருப்பித் தந்திருங்க எசமான். நான் கள்ளன்னு எழுதினது."

"அது ஃபைலில் சேர்த்தாச்சு" என்றார் வேலாயுதன். பிறகு குரலைத் தாழ்த்தி, "குட்டியெ தனு பத்துக்குக் கொண்டு வரணும். மறக்காண்டாம்" என்றார்.

சாயங்காலம் எல்லாரும் ஆறு மணிக்கு முன்பே நடந்து கரமனைக்கு வந்துவிட்டார்கள். மணி அடித்தது. பிச்சையா முற்றத்தில் போய் நின்றான். நீலகண்டன் ஆஜர் போட்டார். இவன் எந்தப் பிச்சையா என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சங்கத்து வண்டி வந்தது. வழக்கத்தைவிட ஒரு மூட்டை அரிசி கூடுதல். மேலே ஒரு குலை ஏத்தன் பழம். பின்னாலேயே பிள்ளையும் வந்தார். வேலிக்கு வெளியிலேயே நின்று உலகம்மையைக் கூப்பிட்டார்.

"வருத்தப்படாதே தாயி. எல்லாம் மகரத்துல சரியாயிரும்."

"மொதலாளி, ஒண்ணு கேக்கட்டா? உங்களுக்கு இவரைத் தெரியும்லா?"

"என்ன கேள்வி இது. உன் மகளுக்கு நான்தானே பேரு வச்சேன்."

"அதைத்தானே ஒரு தாளில எழுதிக் கேட்டாவ."

பிள்ளை பழக்குலையைப் பார்த்தார். "அரிசி இனிமே மாசாமாசம் கூடுதலாவே போடச் சொல்லியிருக்கேன்" என்றார். அதற்குமேல் நிற்க முடியாமல் வண்டியில் ஏறினார்.

உலகம்மை அரிசி மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டாள். பழத்தைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முத்துவின் கையிலிருந்து பலகையை வாங்கி மாடத்தில் வைத்தாள். மூலையில் சாய்த்திருந்த பிளாச்சுக் கட்டை அவிழ்த்துப் பரப்பினாள். கூரையில் செருகியிருந்த கத்தியை எடுத்தாள்.

"இரிளா இங்க."

பிச்சையா வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். "என்னளா செய்ய? அவ கையில அதைக் குடுக்காதே."

"உமக்கு ரேகை இல்லாததனால வெளிய விடமாட்டேன்னான். ரேகையே இல்லாதவளை எப்படி உள்ள சேப்பான்?"

"பிராந்தா உனக்கு? எனக்குத் தேய பதினஞ்சு வருசமாச்சு. தனு பத்துக்கு இன்னும் முப்பத்தேழு நாளுதான் இருக்கு."

"நீரு தேயணும்னு செய்யல்ல. கூடைக்குச் செஞ்சீரு. இவ தேயணும்னே செய்வா."

பிச்சையா கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்தான். தொட்டால் சொரசொரப்பு இல்லாத விரலைப் பார்த்து, வேண்டுமென்றே செய்தாள் என்று எழுதிக்கொள்வார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வேறு விரல் கேட்பார்கள் என்பதும் தெரியும். வேறு வழி எது என்பதுதான் தெரியவில்லை.

முத்து முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். அப்பா செய்வதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள். இடது கையில் கத்தியை நிறுத்திப் பிளாச்சை வைத்தாள். முதல் இழுப்பிலேயே பிளாச்சு அறுந்தது. இரண்டாவது இழுப்பில் விரலில் சிராம்பு ஏறியது. "அம்மே" என்றாள். வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடி பிளாச்சை எடுத்தாள்.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பிச்சையா எழுந்து உள்ளே வந்து அவள் முன்னால் குந்தினான். கத்தியின் சாய்வைக் கொஞ்சம் மாற்றி வைத்தான். அவளுடைய இடது பெருவிரலைப் பிடித்து நிமிர்த்தினான். நுனியில் வரிகள் புதுசாக, ஈரத்தில் பளபளவென்று இருந்தன.

"நுனியால அமுக்காதே மக்ளே. அறுத்திரும்" என்றான். "இந்தா, சதை இருக்க எடத்தை வை. சுழி எங்க இருக்கோ, அங்க."

முத்து விரலை அங்கே வைத்தாள்.

"இனி வலி."

அவள் இழுத்தாள்.